ஒரு ‘த’ குறைந்தால் மழை பெய்யாது

அந்த விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்புத் தமிழ். 2023-24ஆம் கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில் நானே வைத்த சிறு தேர்வு. பத்தியும் நான் எழுதியதுதான்:

‘மாலையில் வானம் இருண்டது. வள்ளி மொட்டை மாடிக்கு ஓடினாள். கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு கீழே வந்தாள். அம்மா அவளைத் தட்டிக்கொடுத்தார்.’

கேள்வி: வள்ளி மாடிக்கு ஏன் ஓடினாள்?

‘வானம் இருண்டதால் ஓடினாள்’ என்பதுதான் நான் மனத்தில் வைத்திருந்த விடை. பாதிப் பேருக்கு மேல் ‘துணிகளை அள்ளிக்கொண்டு வர ஓடினாள்’ என்று எழுதியிருந்தார்கள். தவறு போட்டேன். நான்கைந்து பேர் பத்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே பார்த்து எழுதி வைத்திருந்தார்கள். அந்த உழைப்புக்கு இரங்கி ஆளுக்கு அரை மதிப்பெண். ஒரு பெண் மட்டும் ‘துணி நனைந்துவிடும்’ என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தாள். பத்தியில் நனைவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவளுக்கும் சுழி.

மறுநாள் தாளை வாங்கிப் பார்த்தவள் இடத்தில் போய் உட்காரவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“டீச்சர், மழை வந்தால் துணி நனையாதா?”

“நனையும். ஆனால் பத்தியில் அப்படி எழுதியிருக்கிறதா?” என்றேன்.

“மழை வந்தது என்றும்தான் எழுதவில்லை” என்றாள்.

பத்தியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். நான்கு வரியில் ஓரிடத்திலும் ‘மழை’ என்ற சொல் இல்லை. வானம் இருண்டது என்பதிலிருந்து மழையையும், மழையிலிருந்து துணி நனைவதையும், நனைவதிலிருந்து ஓட்டத்தையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறாள். நான் சரி என்று வைத்திருந்த விடையோ முதல் வரியைப் பிடித்துக் கடைசியில் ‘ஆல்’ ஒட்டியது மட்டுமே. அந்த வகுப்பிலேயே பத்தியை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் சுழி போட்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் எனக்கு. பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணியில் ‘காரணம் கூறுக’ என்று எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ. காரணத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது அந்தப் பெண் எதிரில் நின்றபோதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு செய்து பார்த்தவற்றையும் சொதப்பியவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். தொடக்க வகுப்பு எடுப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கும் பெற்றோருக்கும் ஏதாவது ஒன்று உதவலாம்.

முதலில் ‘ஏன்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுவதும் நான் எத்தனை முறை ‘ஏன்’ என்கிறேன் என்று பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் கோடு போட்டுவந்தேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினேழு கோடு. ஏன் தாமதம், ஏன் வீட்டுப்பாடம் எழுதவில்லை, ஏன் அவனைக் கிள்ளினாய், ஏன் முழிக்கிறாய். பாடத்துக்காகக் கேட்டவை மூன்றோ நான்கோதான். மீதி எல்லாம் அதட்டல். வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். ‘ஏன்’ காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று பழகிவிட்ட குழந்தை, கதையைப் பற்றிய ‘ஏன்’ வந்தாலும் தலையைத்தான் குனியும். வகுப்பில் நான் ‘ஏன்’ என்று ஆரம்பித்தால் அறை அமைதியாகிவிடும். யோசிக்கிறார்கள் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தொல்லையும் அதே சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘ஏன்’ என்று கேட்டால் காரணத்தையும் சொல்லலாம், நோக்கத்தையும் சொல்லலாம். வள்ளி ஏன் ஓடினாள்? வானம் இருண்டதால் ஓடினாள். துணி எடுப்பதற்காக ஓடினாள். இரண்டுமே நேர்மையான பதில்கள். முன்னது அவளைக் கிளப்பிவிட்டது, பின்னது அவள் போய்ச் சேர நினைத்தது. பாதி வகுப்புக்கு நான் தவறு போட்டது என் கேள்வியின் குற்றம். நமக்கு ‘எதனால்’, ‘எதற்காக’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று பின்னால் திரும்பிப் பார்க்கும், மற்றது முன்னால் பார்க்கும். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு வினாத்தாள் முழுக்க ‘ஏன்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வாசிப்பு நேரத்தில் ‘ஏன்’ கிடையாது. எதனால் ஓடினாள், எதற்காக ஓடினாள் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பேன். எதனால் என்றால் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்ட வேண்டும், எதற்காக என்றால் சுட்டுவிரலை முன்னால் நீட்ட வேண்டும். முதல் வாரம் கையை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் பஸ் நடத்துநர்போல இரண்டு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் கை தானாகப் போயிற்று. கை சரியாகப் போன பிறகு விடை தவறியது குறைவு.

அடுத்தது நானே எதிர்பாராதது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படிப்பவன், சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். வாக்கியம் ‘இரவெல்லாம் மழை பெய்ததால் வாய்க்கால் நிரம்பியது’. அவன் படித்தது ‘இரவெல்லாம் மழை பெய்தால் வாய்க்கால் நிரம்பியது’. நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டான். வழக்கமாக நான் “பெய்ததால், சரியாகப் படி” என்று திருத்திவிட்டு விட்டிருப்பேன். அன்று என்னவோ கேட்கத் தோன்றியது.

“மழை பெய்ததா?”

“இன்னும் இல்லை டீச்சர்” என்றான்.

சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தவறே இல்லை. அவன் படித்தபடி மழை இன்னும் பெய்யவில்லை, பெய்தால்தான். ‘பெய்ததால்’ என்பதில் அடுத்தடுத்து வரும் இரண்டு தகரத்தில் ஒன்றைக் கண் தாண்டிவிட்டது. அந்த ஒரு ‘த’வோடு நடந்து முடிந்த மழையும் போய்விட்டது. காரணம் என்று அச்சிட்டிருப்பது அவன் தலைக்குள் நிபந்தனையாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை வாசிப்புப் பிழை என்று குறித்துக்கொண்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன், பொருள் கவிழ்ந்ததைக் கவனிக்காமல்.

பிறகு ஒவ்வொருவராகப் படிக்கவைத்துக் கேட்டேன். வந்ததால், விழுந்ததால், படித்ததால், உடைந்ததால் எல்லாவற்றிலும் இந்தத் தாவல் இருந்தது. ‘சொன்னதால்’, ‘ஓடியதால்’ என்பவற்றில் மிகக் குறைவு. தகரம் இரட்டிக்கிற இடத்தில்தான் கண் வழுக்குகிறது. ஆகவே பயிற்சிக்கு அந்த வினைகளை மட்டும் பொறுக்கினேன். விளையாட்டு எளிது. நான் ஒரு வாக்கியத்தின் முன்பாதியைச் சொல்வேன். நடந்துவிட்டது என்றால் எழுந்து நிற்க வேண்டும், நடக்கலாம் என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும். “அண்ணன் ஊரிலிருந்து வந்ததால்” என்றால் நிற்பார்கள். “அண்ணன் ஊரிலிருந்து வந்தால்” என்றால் உட்காருவார்கள். பிறகு பின்பாதியை அவர்கள் முடிக்க வேண்டும். வந்ததால் மிட்டாய் கிடைத்தது. வந்தால் மிட்டாய் கிடைக்கும். காதில் நன்றாகப் பிடிபட்ட பிறகு அதையே கரும்பலகையில் எழுதி, வாய் திறக்காமல் படித்துவிட்டு எழவோ உட்காரவோ சொன்னேன். தினமும் ஐந்து நிமிடம், காலை உணவு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்த உடனே. இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் காட்டுவேன். வீட்டில் செலவே இல்லாமல் செய்யலாம்.

இதற்கு முன்னால் நான் நம்பியிருந்தது வேறொன்று. ஒரு பெரிய அட்டையில் ‘ஆகவே, எனவே, அதனால், ஆதலால், ஏனெனில்’ என்று வண்ணத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் வட்டார வளமையத்திலிருந்து வந்தவர் பார்த்துவிட்டுக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அட்டை அழகாகத்தான் இருந்தது. குழந்தைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒரு தந்திரத்தை. பத்தியில் ‘அதனால்’ எங்கே இருக்கிறது என்று தேடு, அதற்கு முந்தைய வாக்கியத்தைப் பார்த்து எழுது. மதிப்பெண் வந்துவிடும். ‘அதனால்’ இல்லாத பத்தியில் விடை எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். தமிழில் பாதிக் கதைகளில் அந்தச் சொற்கள் இருப்பதில்லை. ‘இடறி’, ‘அடித்து’ போன்ற வினையெச்சத்துக்குள் காரணம் ஒளிந்திருக்கும். ‘கால் இடறி விழுந்தான்.’ ‘காற்றடித்து ஓடு பறந்தது.’ ‘வெயிலில் கிடந்து தொட்டி வெடித்தது.’ ஆசிரியர் பயிற்சியில் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது (அதாவது காரணம்) என்று நன்னூலை ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவள்தான் நானும். ‘கல்வியிற் பெரியர் கம்பர்’ என்றால் கல்வி ஏது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ‘இடறி’ என்பதற்குள் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது என்று ஒன்பது வயதுக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை.

சிக்கல் என்னவென்றால், ‘சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான்’ என்பதிலும் அதே வடிவம்தான் வருகிறது. அங்கே அது வெறும் வரிசை. முதலில் இது, பிறகு அது. வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் ‘மூடிப்பார்’ முறைக்கு வந்தேன். அளவுகோலால், அளவுகோல் இல்லாதவர்கள் விரலால், சந்தேகப்படும் சொல்லை மூட வேண்டும். அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும். அடுத்தது நடந்திருக்குமா? ‘இடறி’யை மூடினால் அவன் விழுந்திருக்க மாட்டான். அப்படியானால் காரணம். ‘சட்டை போட்டுக்கொண்டு’ என்பதை மூடினால் வந்திருப்பான்தானே என்று கேட்டேன்.

“வரமாட்டான் டீச்சர். சட்டை போடாமல் வந்தால் நீங்கள் உள்ளே விடமாட்டீர்களே” என்றான் ஒருவன்.

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. சட்டை இருந்தால்தான் வர முடியும், ஆனால் சட்டை போட்டவர்கள் எல்லாரும் பள்ளிக்கா வருகிறார்கள், திருவிழாவுக்கும்தானே போகிறார்கள் என்று ஒருவழியாகச் சமாளித்தேன். அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவன் பிடித்த இடம் அப்படி. தேவையும் காரணமும் ஒன்றா என்று பெரியவர்களே குழம்புகிற இடம். அதை அங்கேயே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே பாடவேளையில் தீர்த்துவைக்க நான் யார்?

மூடிப்பார்ப்பதை நன்றாகப் பழக்கியவை பழமொழிகள். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்பதைக் கரும்பலகையில் எழுதி, காக்கையைக் கையால் மூடினேன். இப்போது பழம் விழுமா? வீட்டில் பனை இருக்கும் பிள்ளைகள் உடனே எழுந்தார்கள். பழுத்த பழம் காக்கை இல்லாவிட்டாலும் விழும். பழுக்காத காய் காக்கை குதித்தாலும் விழாது. முடிந்தது. அடுத்து ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’. இதில் பாதி வகுப்பு சறுக்கியது. எறும்பு ஏறியதால் மழை வந்தது என்று எழுதிவிட்டார்கள். நான் விளக்க வாயெடுப்பதற்குள், எப்போதும் சன்னலோரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நான்காம் வகுப்புப் பையன் கேட்டான்: “எறும்பை எல்லாம் டப்பாவில் பிடித்துப் போட்டு மூடிவிட்டால் மழை வராதா டீச்சர்?” இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது. அறிகுறி என்ற சொல்லை அன்று எழுதிப்போட்டேன். காய்ச்சலில் உடம்பு சுடுவது, மழைக்கு முன் எறும்பு ஏறுவது. உடம்பைத் தண்ணீரால் துடைத்தால் சூடு குறையும், உள்ளே இருக்கும் நோய் போய்விடாது.

இத்தனைக்கும் இந்தக் குழந்தைகளுக்குக் காரணம் புரியாது என்று ஒரு காலத்தில் ஆசிரியர் அறையில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டியது பள்ளி வளாகத்துத் தென்னை மரம். ஒரு பிற்பகல் மின்சாரம் இல்லாததால் எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டிப்போயிருந்தேன். தோப்புக் காவல்காரர் மகன் ஒருவன், தமிழ் வாசிப்பில் ‘அரும்பு’ நிலை. வாசிப்பையும் கணக்கையும் பழக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அந்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்திருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் அவன் முதல் படியிலேயே நின்றான். மரத்தை அண்ணாந்து பார்த்தவன் “வண்டு விழுந்த மரம்” என்றான்.

“எப்படிச் சொல்கிறாய்? வண்டைப் பார்த்தாயா?”

இல்லை என்று தலையாட்டினான். கையை நீட்டிக் காட்டினான். விரிந்து தொங்கிய மட்டை ஒன்றில் ஓலைகள் இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டினதுபோல முக்கோணமாக நறுக்குண்டு இருந்தன. காண்டாமிருக வண்டின் வேலை. வண்டு இந்த ஓலையை இப்போதா கடித்தது என்று கேட்டேன்.

“இப்போது இல்லை டீச்சர். இது குருத்தாக மூடியிருந்தபோதே உள்ளே துளைத்துவிட்டது. மூடியிருக்கும்போது ஓர் இடத்தில் கடித்தால், விரிந்த பிறகு இரண்டு பக்கமும் வெட்டுத் தெரியும்.”

தாளை மடித்துக் கத்தரித்துவிட்டு விரித்தால் பூ வருமே, அந்தக் கணக்கு. வண்டு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தாமல் போட்டு வைத்தால் அவை மக்கி, அதில்தான் வண்டு முட்டையிட்டுப் புழு வைக்கும் என்றான். எருக்குழியிலும் வைக்குமாம். விளைவைப் பார்த்து, கண்ணில் படாத காரணத்துக்கு, அதிலிருந்து அதற்கும் முந்தைய காரணத்துக்கு அவன் மூன்று படி பின்னோக்கி நடந்துபோனான். வானம் இருண்டதைப் பார்த்துத் துணி நனையும் என்ற பெண் முன்னோக்கிப் போனாள், இவன் பின்னோக்கி. இவனுக்கா காரணம் தெரியாது? ஓலையில் தெரிவது தாளில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவன் சொன்னதை அப்படியே ஐந்து வாக்கியமாக நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் அதுதான் அவனுக்கு வாசிப்புப் பாடம். தான் சொன்ன சொற்கள் என்பதால் தட்டுத்தடுமாறியாவது முடித்தான். ‘துளைத்ததால்’ என்ற இடத்தில் நின்று, ‘த்’, ‘த’, ‘தா’ மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். அரும்பு நிலைக் குழந்தைகளுக்கு அதற்குப் பிறகு இதே வழிதான். முதலில் படம் அல்லது பொருள், பிறகு அவர்கள் வாய்மொழி, அதை என் கையெழுத்தில் எழுதுவது, பிறகு அவர்கள் வாசிப்பது. நான் வரைந்த படங்கள் மகா மோசம். மாடு என்று வரைந்ததை ஆடு என்று சொல்லிக் கதையையே மாற்றிவிட்டார்கள். கதை அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

தென்னையைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு ஆசை பெரிதாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளை எல்லாம் சாய்த்துப்போட்டது. இந்தக் குழந்தைகளுக்கு அப்போது நான்கைந்து வயது. வீட்டில் பேசிப் பேசி அவர்களுக்கு மனப்பாடம். காரணச் சங்கிலிக்கு இதைவிட நல்ல பாடம் ஏது என்று நினைத்தேன். காகிதத் துண்டில் ஆளுக்கு ஒரு வாக்கியம், கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். புயல் அடித்ததால் மரங்கள் சாய்ந்தன. மரங்கள் சாய்ந்ததால் காய் இல்லை. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆவதால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் அப்பா திருப்பூர் போனார். நான்கு துண்டுகள் அழகாகத் தொங்கின. ஐந்தாவது துண்டோடு ஒரு பையன் வந்தான். ‘அம்மாவும் போனதால் நான் அப்பாயி வீட்டில் இருக்கிறேன்.’

கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. இலக்கண முறைப்படி அந்த வாக்கியத்தில் குறையே இல்லை. மற்றக் குழந்தைகளும் பேசவில்லை. மணி அடிக்கும்வரை அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதோ பாடம் நடத்தினேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு துண்டுகளைக் கழற்றி எடுத்துவைத்தேன். பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையைச் சங்கிலியாகக் கோக்கச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். சங்கிலி எங்கே போய் முடியும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. முடிகிற இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கலாம். இப்போது கதை மாந்தர், மரம், வண்டு, வாய்க்கால், சைக்கிள் செயின் இவற்றோடு சரி. தானாகச் சொல்ல வருபவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விடை திருத்துவதிலும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பத்தியில் இல்லாத காரணத்தை ஒரு குழந்தை எழுதினால் உடனே சுழி போடுவதில்லை. “எந்த வரியைப் பார்த்து இதைச் சொன்னாய், விரலை வை” என்பேன். வள்ளி கதையை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். ‘துணி நனையும்’ என்றவர்கள் எல்லாரும் தயங்காமல் முதல் வரியில் விரலை வைத்தார்கள். ‘வள்ளிக்கு மாடி பிடிக்கும்’ என்று எழுதிய ஒருவன் விரலை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, கடைசியில் எடுத்துக்கொண்டான். வாய் திறந்து நான் எதுவும் சொல்லவில்லை. அவனே அழித்துவிட்டு வேறு எழுதினான். ஊகத்துக்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு எளிதாக அந்த விரல் சொல்லிவிடுகிறது. இதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. இருபது பேருக்கும் ஒரே நாளில் முடியாது. நாளுக்கு நான்கைந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா, “இதெல்லாம் பரீட்சைக்கு வருமா டீச்சர்?” என்று கேட்டார். வரும் என்றேன். கணக்கில்கூட வரும். ‘பழங்கள் அழுகியதால் மீதி எத்தனை’ என்று கேட்கும்போது அழுகியதைக் கழிக்க வேண்டும் என்று புரிவதும் இதே வாசிப்புதான். அவர் திருப்தியாகப் போனார் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் படியாதது ‘ஏனெனில்’. குழந்தைகள் பேச்சில் காரணம் முன்னால் வரும், விளைவு பின்னால் வரும். மழை பெய்தது, அதனால் வரவில்லை. ‘ஏனெனில்’ வந்தால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. விளைவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் வைக்கிறது. அந்தச் சொல்லை யாரும் வீட்டில் பேசுவதும் இல்லை. வாக்கியத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு உதவியது. 2024-25 முதல் பருவத்தில் இப்படி ஒரு பத்தி வைத்தேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள், அந்த ஆண்டு ஜூலைக் கடைசி வரை இழுத்துவிட்டது. ‘அணை தாமதமாகத் திறக்கப்பட்டது. ஏனெனில் நீர் இல்லை.’ எதனால் தாமதம் என்பது என் கேள்வி. ஏழெட்டுப் பேர் ‘தாமதமாகத் திறந்ததால் நீர் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். வழக்கமான தலைகீழ்ப் பிழைதான் என்று சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். பழைய விடைத்தாள் நினைவுக்கு வர, ஒருவனைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னேன். அவன் தாளில் வைக்கவில்லை. சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான்.

“நம் வாய்க்காலில் டீச்சர். அணையைத் தாமதமாகத் திறந்ததால்தான் இதில் இன்னும் நீர் வரவில்லை.”

மேட்டூர் நீர் கடைசியாக வந்து சேரும் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி எங்களுடையது. அவனுக்கு நீர் என்றால் வாய்க்கால் நீர். அணைக்குள் இருப்பதை அவன் பார்த்ததே இல்லை. எந்த இடத்தில் நீர் இல்லை என்று நான் எழுதாமல் விட்டிருந்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் ‘அணையில்’ என்ற சொல்லை ‘ஏனெனில்’ என்பதற்குப் பின்னால் செருகி எழுதினேன். அந்தக் கேள்விக்கு மட்டும் மறுபடி விடை எழுதச் சொன்னேன்.